பார்க்கத் தெரிய வேண்டும்

குழந்தையைக் கவனிப்பது வேறு, கணக்கெடுப்பது வேறு. நம் கல்வி அதிகாரிகளுக்குப் பின்னது நன்றாகத் தெரியும். முன்னது தெரிந்த ஆசிரியைகளையும் அதைச் செய்ய விடாமல் அடிக்கிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

2022 ஜூன் 13-ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். கொரோனாக் காலத்தில் பின்தங்கிப்போன சிறுவர்களைக் கைதூக்கிவிடுவது நோக்கம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். நோக்கமும் நன்று, பெயர்களும் அழகு. ஆனால் எது அரும்பு, எது மலர் என்று தீர்மானிப்பது எது? கைபேசிச் செயலியில் பதிகிற மதிப்பீடு!

கும்மிடிப்பூண்டியை நினைத்துப் பாருங்கள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். சிப்காட் ஆலைகளுக்கு வட மாநிலத்து ஆட்கள். மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாய்க் கூலிகள். அப்படியொரு வீட்டுச் சிறுமி தமிழ் வகுப்பில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'பேசவில்லை' என்ற கட்டத்தில் ஒரு குறி, தீர்ந்தது விஷயம்! அவளே மணலில் சோறு பொங்கி, மூன்று பேருக்கு மூன்று இலை போட்டு, நாலாவது ஆள் வந்ததும் இன்னோர் இலை தேடி ஓடுகிறாளே, அது எண்ணறிவு இல்லையா? அதற்குக் கட்டம் எங்கே?

கவனிக்கும் முறை மந்திர வித்தையல்ல. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், அபிப்பிராயம் அப்புறம். 'முரடன்' என்று எழுதக் கூடாது. 'பந்தைப் பிடுங்கினான், அவள் அழுததும் திருப்பிக் கொடுத்தான்' என்று எழுத வேண்டும். தேதியும் நேரமும் போட வேண்டும். பாடத்தில், விளையாட்டில், சாப்பாட்டு வேளையில் என்று பலமுறை பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். பட்டியலும் தேவைதான். அது என்ன வந்தது என்று சொல்லும். எப்படி வந்தது என்று சொல்லாது.

1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரி, நம் ஆசிரியர்களுக்கு இதைத்தான் பயிற்றுவித்தார். 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பில் பிறந்த முறை அது. இன்று நம் ஊரில் அவர் பெயர் பணம் கட்டுகிற பள்ளிகளின் பெயர்ப்பலகையில் தொங்குகிறது. ஏழைக் குழந்தைக்கு மிஞ்சியது கட்டம் போட்ட படிவம்!

நேரம் ஏது என்பார்கள். தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் ஒருவருக்கு 30 பிள்ளைகள் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. நாளைக்கு 6 பேர், ஆளுக்கு 5 நிமிஷம். வாரத்தின் 5 நாளில் 30 பேரையும் பார்த்துவிடலாம். தினம் அரை மணிதான். அந்த அரை மணியைச் செயலி விழுங்காதிருந்தால் போதும்.

அதிகாரிகளை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? உங்கள் வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது அதன் முகத்தையா, மதிப்பெண் அட்டையையா?