செஞ்சிக்கோட்டை பேசட்டும்!

செஞ்சிக்கோட்டையை உலக மரபுச் சின்னமென 2025 சூலைத் திங்களில் யுனெசுகோ அறிவித்தது. தமிழர் மகிழத்தக்க செய்திதான். ஆனால், எந்தப் பெயரால் அறிவித்தது? மராட்டியப் படைத்துறை நிலப்பரப்புகள் என்னும் பெயரால்! பட்டியலிலுள்ள பன்னிரண்டு கோட்டைகளுள் பதினொன்று மராட்டிய மாநிலத்தன. எஞ்சிய ஒன்று செஞ்சி.

சிவாசி 1677-இல் இதனைக் கைக்கொண்டதும், இராசாராம் இங்கிருந்து ஆண்டதும், முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்ததும் மறுக்கவொண்ணா உண்மைகள். மறுப்பது தமிழர்க்கு அழகுமன்று. எனினும், அஃது இருபத்தோராண்டுக் கதையே. 1200-ஐ ஒட்டி ஆனந்தக்கோன் இங்கு அரணெழுப்பினான் என்பது வழிவழிச் செய்தி. பின்னர் நாயக்கர் ஆண்டனர். 1649-இல் பீசப்பூரார், 1750-இல் பிரெஞ்சியர், 1761-இல் ஆங்கிலேயர் எனக் கொடிகள் மாறின. கல் சுமந்த தோள்கள் எவருடையவை?

மலையேறி இறங்குவோர்க்கு நெற்களஞ்சியம் வெறுங்கூடமாகவே தோன்றும். கோட்டைக்கு வெளியேயிருந்த நீர்நிலையினின்று சுடுமண் குழாய்வழிக் கலியாண மாளிகைக்கு நீர் வந்த திறமும், உச்சியருகே ஆழ்ந்த பிளவின்மேல் மரப்பாலமிட்டுப் பகையைத் தடுத்த சூழ்ச்சியும் செய்துகாட்டினாலன்றி விளங்கா. சுவீடனில் சுகான்சன் என்னுமிடத்தில் 1891 முதலே பழங்குடில்களைப் பேணி, அவற்றுள் பழந்தொழில்களை நிகழ்த்திக் காட்டுகின்றனர். அவ்வளவு தொலைவு போவானேன்? 1996-இல் திறக்கப்பெற்ற முட்டுக்காட்டுத் தட்சிணசித்திராவில் பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து நிறுவியுள்ளனர். குயவரின் கையில் மண் சுழல்கிறது.

செஞ்சிக்கோ அத்தொல்லையுமில்லை. வீடும் களமும் குளமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கூத்தரும் அண்டையூர்களிலேயே உள்ளனர். 1714-இல் களத்தில் மாண்ட தேசிங்கு வடபுலத்தான். அவனையே தம் பிள்ளைபோற் பாடி வைத்தவர்கள் இவ்வட்டார மக்கள். (ஆனந்தக்கோனுக்கு அப்பேறு வாய்க்கவில்லை!) காருவா இரவுதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் காணப் பெருந்திரள் வந்து குவிகிறது. அவர்களுள் எத்துணைப் பேர்க்கு இக்கோட்டையின் கதை தெரியும்?

கோட்டை நடுவணரசின் தொல்லியல் துறை வயமுள்ளது. கூத்தரைப் புரப்பது மாநில அரசின் கடன். இரண்டும் கூடிக் காருவா நாள்களிலேனும் கோட்டையடியில் கூத்தும், களஞ்சியத்தில் நெல்லளவையும், குயவர் குழாய் வனைதலும் நடத்தட்டும். விளக்கவுரை தமிழில் முதலாவதாக அமையட்டும். அதில் கோனார் பெயர் மராட்டியர் பெயருக்கு முன்னே நிற்கட்டும்.