ஸ்தானாபதி பதவி யாருக்கு?

தேர்தலில் தோற்றவருக்கும், கட்சிக்குள் தொந்தரவாகிவிட்டவருக்கும், ஓய்வு பெற்ற பெரிய உத்தியோகஸ்தருக்கும் ஆறுதற் பரிசாக அயல்நாட்டு ஸ்தானாபதி பதவியை வழங்குவது தகாதென்பது நமது அபிப்பிராயம். இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: டாக்டர் ராதாகிருஷ்ணன் மட்டும் வெளிநாட்டு இலாகாவில் பயின்றவரா என்பதே அது. இப்பதிலைச் சற்றே பரிசீலிப்போம்.

1949-ம் வருஷம் அவர் மாஸ்கோவுக்கு நியமிக்கப்பட்டது விசித்திரமான நியமனமே. திருத்தணியிற் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் கற்று, பிரஸிடென்ஸி காலேஜில் தத்துவம் போதித்தவர், கடவுளை ஒப்பாத ராஜ்யத்தில் வேதாந்தம் பேசி எதைச் சாதிக்க முடியும்? போதாக்குறைக்கு, 1936 முதல் வகித்துவந்த ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவியையும் அவர் விடவில்லை. வருஷத்தில் ஒரு பகுதியை அங்கேயே கழித்துவந்தார். வேறொருவர் இவ்வாறு செய்திருப்பின் நாமே முதலில் ஆக்ஷேபித்திருப்போம்.

அன்றைய நிலைமையோ மிகக் கடினமானது. 1949 ஏப்ரலில் நாம் காமன்வெல்த்தில் நீடிக்க இசைந்தோம். இந்தியா பெற்றது மெய்ச் சுதந்திரந்தானா என்றே ருஷ்யர்கள் சந்தேகித்தனர். அவருக்கு முன் அங்கிருந்த ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட்டுக்கு ஸ்டாலினின் பேட்டி கடைசிவரை கிட்டவில்லை. ராதாகிருஷ்ணனை ஸ்டாலின் 1950 ஜனவரியில், நம் நாடு குடியரசாவதற்குச் சில தினங்களுக்கு முன், வரவழைத்துப் பேசினார். வல்லரசுகளின் பூசலைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இரு கை சேர்ந்தால்தானே ஓசை, உங்கள் கையை நீங்கள் விலக்கிக்கொள்ளலாகாதா என்று நம்மவர் கேட்டாராம். ஸ்டாலினிடம் இப்படிக் கேட்டவர் உலகத்தில் எத்தனை பேர்!

அவர் பதவிக்காலத்தில் நடந்தவற்றையும் பார்ப்போம். 1950 ஜூலையில் கொரிய யுத்தத்தைக் குறித்து நேரு எழுதிய கடிதத்துக்கு ஸ்டாலின் சாதகமாகப் பதிலளித்தார்; தட்டிக் கழித்தது அமெரிக்கா. 1951-ல் நமது பஞ்சத்துக்குக் கோதுமை தரலாமா என்று அமெரிக்கக் காங்கிரஸ் மாதக்கணக்கில் விவாதித்துக்கொண்டிருக்கையில் ருஷ்ய தானியம் வந்து சேர்ந்தது. 1952 ஜனவரியில் காஷ்மீர் விஷயமாகப் பாதுகாப்புச் சபையில் அதுகாறும் வாய் திறவாதிருந்த ருஷ்யப் பிரதிநிதி மாலிக், பிரிட்டனையும் அமெரிக்காவையும் தாக்கிப் பேசினார். இவையெல்லாம் ஒரு மனிதரின் செயல் என்று கூறும் பேதைமை எமக்கில்லை. ருஷ்யா தன் லாபத்தைப் பார்க்காமல் ஒரு மூட்டைகூட அனுப்பியிராது. ஆயினும் சந்தேகம் தணிந்த இடத்திலேதான் லாபக் கணக்கும் சரியாகப் பார்க்கப்படும். அச்சந்தேகத்தைத் தணித்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

கோர்ட்டில் முந்திய தீர்ப்பொன்றைக் காட்டுகிற வக்கீல், இரு வழக்குகளின் சங்கதிகளும் ஒத்திருப்பதை முதலில் ரூபிக்கவேண்டும். ராதாகிருஷ்ணனுக்கு ஸ்தானாபதி பதவி தேவையாக இருக்கவில்லை. டில்லி நாளைக்கே திரும்ப அழைத்தாலும் அவருக்கு ஆக்ஸ்போர்டு இருந்தது, எழுத நூல்கள் இருந்தன. ஆகையால் கிரெம்ளினிலும் தம் மனத்திற் பட்டதைச் சொன்னார். டில்லிக்கும் அதனையே எழுத முடிந்தது. பதவியையே நம்பிப் பிழைப்பவர், எஜமானர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதைத்தான் யாதாஸ்தாக எழுதியனுப்புவார். அவருக்கு இவரை எப்படி உவமை காட்டுவது?

திரும்பிப் போனாலும் குறைவில்லாத ஒருவரைச் சர்க்கார் எங்கேனும் கண்டுபிடித்தால், அவர் இலாகாப் பரீட்சை தேறாதவராயினும் அனுப்பட்டும். நாம் ஒரு வரிகூட எதிர்த்து எழுதமாட்டோம்.