பிரசவமும் சூலமும்

ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் காட்டிவந்த ஒரு கர்ப்பிணியை எட்டாம் மாதத்தில் டாக்டரம்மாள் பார்த்து, “இரத்த அழுத்தம் ஏறியிருக்கின்றது, பிரசவத்தை ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டால், வீட்டில் நடப்பது என்ன? ஆஸ்பத்திரிக்கு வழி கேட்குமுன் ஜோசியன் வீட்டுக்கு வழி தேடுகின்றார்கள். “கிரகம் சரியில்லை” என்கின்றான் அவன். பரிகாரத்திற்குப் பணம் புறப்படுகின்றது. கர்ப்பிணி மாத்திரம் புறப்படுவதில்லை.

இதில் கிரகத்திற்கு என்ன வேலை என்று கேட்கின்றோம். சாதாரணமாகச் சிறிய நிலையங்களில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கவும், இரத்தம் ஏற்றவும் வசதி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் உண்டு. முன்பு ஆப்பரேஷன் ஆனவர்களையும், இரட்டைக் குழந்தை தாங்கியவர்களையும், இரத்தச் சோகை மிகுந்தவர்களையும் அங்கு அனுப்புவது இதற்காகவேயன்றி வேறில்லை.

தாடியஸ், மெயின் என்னும் ஆராய்ச்சிக்காரர் இருவர், 1994ல், பிரசவச் சாவுக்கு மூன்று தாமதங்களைக் காரணமாக எடுத்துக்காட்டினார்கள். போவதென்று முடிவு செய்வதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். சேர்ந்தபின் தக்க வைத்தியம் கிடைப்பதில் தாமதம். பின்னிரண்டுக்கும் சர்க்காரைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். முதல் தாமதமோ நம் வீட்டுத் திண்ணையிலேயே பிறக்கின்றது. “செவ்வாய், புதன் வடக்கே சூலம்” என்பதும், “ராகு காலம் கழியட்டும்” என்பதும், “புருஷன் வந்து சொல்லட்டும்” என்பதும்தான் அது. ராகு காலம் ஒன்றரை மணி நேரம். பிரசவத்திற்குப்பின் உதிரப்பெருக்கு நிற்காவிட்டால் திடமான பெண்ணின் உயிர் போக இரண்டு மணி நேரமே போதும். போன உயிரை எந்த ராகு திருப்பிக் கொடுப்பான்?

ஆகவே, ஆஸ்பத்திரி மாறிற்றென்றால் காலம் கடத்தாமல் ஒருநாள் அங்கு சென்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இரவில் எந்த வாசல் திறந்திருக்கும் என்பதையும் விசாரித்து வரவேண்டும். தாய்-சேய் அட்டை, ஸ்கேன், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை ஒரே பையில் வைக்க வேண்டும். இரத்தம் கொடுக்க இருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். 108 வண்டி 2008 முதல் தமிழ்நாட்டில் இலவசமாக ஓடுகின்றது. இந்திய சர்க்காரின் 2011ஆம் வருஷத்துத் திட்டப்படி சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆப்பரேஷன், மருந்து, இரத்தம் யாவும் இலவசம். உதிரம் கண்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், கடுந்தலைவலியோடு கண் மங்கினாலும், வயிற்றில் சிசுவின் அசைவு குறைந்தாலும் உடனே புறப்பட வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்தும், “வண்டியைக் கூப்பிடு” என்று சொல்லும் அதிகாரம் அப்பெண்ணுக்கு இல்லையானால் பயனென்ன? வலி அவளுடையது, உயிர் அவளுடையது, உத்தரவு மாத்திரம் பிறருடையதா? பெண் விடுதலையைப் பற்றி மேடையில் பேசும் தோழர்கள், முதலில் அந்தப் பையையும், போனையும், கைச்செலவுக்குப் பணத்தையும் தங்கள் வீட்டுக் கர்ப்பிணியின் கையில் கொடுத்து, “யாரையும் கேட்க வேண்டியதில்லை” என்று சொல்லட்டும். மேடைப் பேச்சைவிட அதுவே மேலான பிரசாரம் என்று சொல்லுவோம்.