தோத்தவங்க பேரை அடிக்காதீங்க!



முதல் ஆட்டத்தில் ஒருத்தி தோத்துட்டா, உடனே "இவ தேற மாட்டா"ன்னு சொல்லிடுறோம். இது தப்பு என்பது என் கருத்து. தாய்லாந்து குத்துச்சண்டை வீரர் ஸ்ரீசாகெட் சோர் ருங்விசாய் இதற்குச் சாட்சி.

ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், பாங்காக் நகரில் குப்பை அள்ளினார், காவலாளியாகவும் இருந்தார். 2009-இல் தொழில்முறைப் போட்டிக்கு வந்தார். முதல் சண்டையே தோல்வி. முதல் 5 சண்டைகளில் வெற்றி 1, சமம் 1, தோல்வி 3. அப்பவே "போதும்பா, வீட்டுக்குப் போ"ன்னு அனுப்பியிருந்தா?

2013-இல் அவர் உலக சாம்பியன் ஆனார். அடுத்த வருஷமே பட்டம் போச்சு. ஆனாலும் விடலை. 2017 மார்ச்சில் நியூயார்க் நகரில், அதுவரை 46 சண்டையிலும் தோற்காத நிகரகுவா வீரர் ரோமன் கொன்சாலஸை வென்றார். நடுவர் தீர்ப்பு தப்புன்னு பலர் சொன்னாங்க. செப்டம்பரில் இருவரும் மறுபடி மோதினர். 4-வது சுற்றிலேயே கொன்சாலஸை வீழ்த்தினார்!

தோத்தவங்க எல்லாரும் சாம்பியன் ஆவாங்கன்னு நான் சொல்லலை. ஆனா யார் ஆவாங்கன்னு முதல் ஆட்டத்திலேயே யாருக்குத் தெரியும்? அதனால் ஆசிரியர்களுக்கும் டீம் கேப்டன்களுக்கும் ஒரு வேண்டுகோள்: லிஸ்டில் பேரை அடிக்கிறதுக்கு முன்னாடி, இன்னும் நாலு ஆட்டம் ஆட விட்டுப் பாருங்க.

- 9-ஆம் வகுப்பு மாணவி