சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை: நம் பிள்ளைகள் எங்கே தோற்கிறார்கள்?



ஏ.எல் பெறுபேறு வந்தால் ஊரில் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். கெம்பஸ் கிடைத்த பிள்ளைகளின் படம் பேஸ்புக்கில் வரும், சந்தியில் பதாகை ஏறும். மூன்று பாடமும் சித்தியடைந்தும் இசட் புள்ளி போதாமல் நின்றுபோன பிள்ளைகளை யாரும் விசாரிப்பதில்லை. ஆண்பிள்ளை என்றால் கட்டார் விசா, பெண்பிள்ளை என்றால் கலியாணப் பேச்சு.

அந்தப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும் ஒரு வாசல், 1874 இல் தொடங்கிய இலங்கை சட்டக் கல்லூரி. கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. கலை, வர்த்தகம், கணிதம் என்று எந்தப் பிரிவில் படித்தவரும் நுழைவுப் பரீட்சை எழுதலாம். இசட் புள்ளி கேட்பதில்லை. ஒரு வினாத்தாள் மொழி, மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். தமிழிலேயே எழுதலாம்.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் படித்த ஒரு மாணவி விண்ணப்பத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். ஏ.எல்லில் நல்ல பெறுபேறு. பொது அறிவுப் புத்தகம் இரண்டு வாங்கி, கடந்தகால வினாத்தாள்களும் செய்து முடித்திருந்தார். விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் கவனித்தோம், ஓ.எல் ஆங்கிலத்தில் அவருக்கு எஸ். கேட்பது சி. "இத ஏன் சேர் அந்த நேரமே சொல்லல்ல?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. தரம் 11 இல் அந்த வகுப்புக்கு "இங்கிலீஷ் பாஸானா போதும், மெத்ஸப் பாருங்க" என்று சொன்னவர்கள் நாங்கள்தான்.

நம் பிள்ளைகளில் பலர் தோற்பது பரீட்சை மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே.

ஆங்கிலத்தைப் பற்றியாவது பேசுகிறோம். தமிழைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வேண்டும் என்ற ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. நாமும் சந்தோஷப்பட்டோம், அது நியாயமான சந்தோஷம். ஆனால் ஒரு பக்கப் பந்தியை வாசித்து, அதன் கருத்தை நாலு வரியில் பிழையில்லாமல் எழுதச் சொன்னால் நம் ஏ.எல் வகுப்பில் எத்தனை பேர் எழுதுவார்கள்? நோட்ஸ் கொடுத்து, பாடமாக்கச் சொல்லி, அதையே திருப்பி எழுத வைத்துப் பழக்கியிருக்கிறோம். தமிழில் எழுதும் உரிமை கிடைத்தும் எழுதத் தமிழ் இல்லாவிட்டால் அந்த உரிமையால் பிள்ளைக்கு என்ன பிரயோசனம்?

பொது அறிவும் இப்படித்தான். வர்த்தமானி வந்த பிறகு மூன்று மாத வகுப்பில் தலைநகரங்களையும் நாணயங்களையும் மனனம் செய்கிறார்கள். அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தில் நம் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன. அவை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 126 ஆம் உறுப்புரை சொல்கிறது. இது பிள்ளைக்கு மட்டுமல்ல, நம்மில் பலருக்கும் தெரியாது.

"சட்டம் பொய் சொல்லும் தொழில்" என்று சொல்லும் பெரியவர்கள் 2020 ஐக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றத்தில் நின்றவர்கள் சட்டத்தரணிகள். அந்த மனுக்கள் தள்ளுபடியாகின. ஆனாலும் நமக்காகப் பேச அங்கே ஆட்கள் இருந்தார்கள். அதில் முஸ்லிமல்லாதவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அடுத்த தலைமுறையில் நம் ஊரிலிருந்து யார் போய் நிற்பார்கள்? காணிப் பிரச்சினைக்கும் தாபரிப்பு வழக்குக்கும் அலையும் நம் பெண்கள் தங்கள் கதையை மனம்விட்டுச் சொல்ல, ஒரு பெண் சட்டத்தரணி ஊரில் இருக்க வேண்டாமா?

எனவே ஆசிரியர்களாகிய நாங்கள் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறோம். தரம் 10 இலேயே இந்தத் தகைமைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளையாவது பத்திரிகைச் செய்தியை வாசித்துச் சொந்த வசனத்தில் எழுத வைக்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள்: மஃரிபுக்குப் பிறகு ஓர் அறையையும் தினம் இரண்டு பத்திரிகைகளையும் தாருங்கள், பெண்பிள்ளைகளுக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். தெரிவாகும் பிள்ளைக்குக் கொழும்பில் தங்கும் செலவு பெரிய சுமை. தனவந்தர்கள் ஒரு பிள்ளையையாவது பொறுப்பெடுக்கலாம்.

உம்மா, வாப்பாமாரே, இந்தத் தவணை ரிப்போட் வந்ததும் கணிதப் புள்ளியோடு நிறுத்தாமல் ஆங்கிலத்தையும் தமிழையும் பாருங்கள். குறைவாக இருந்தால் எங்களிடம் வந்து கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டோம். அந்த மாணவி கேட்ட கேள்வியை இன்னொரு பிள்ளை கேட்கும் நிலை வரக்கூடாது, இன்ஷா அல்லாஹ்.