ஈயும் கையும் தேரும் கண்ணும்

கொரியத் திரைப்படம் என்றதும் இன்றைய மாணவர் நினைவில் நிற்பவை விருதுகளே. 2004-இல் கான் திரைப்பட விழாவில் பார்க் சான்-வூக்கின் 'ஓல்டுபாய்' பெற்ற நடுவர் குழுப் பெரும்பரிசு, 2019-இல் அதே விழாவில் போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' பெற்ற தங்கப் பனை விருது, அடுத்த ஆண்டில் அப்படமே வென்ற நான்கு ஆஸ்கர் விருதுகள் என அப்பட்டியல் நீள்கிறது. கனியைச் சுவைப்போர் வேரை நோக்குவது அரிது. அவ்வேர்களுள் ஒன்று, தென்கொரியாவிலேயே நடைபெற்றுவரும் பன்னாட்டுத் திரைப்பட விழாக்கள். கலைக்குப் பொருள் ஈவோருக்கும், கலையைத் தேர்ந்து மக்கள்முன் வைப்போருக்கும் இடையே அமைய வேண்டிய எல்லை யாது என்னும் வினாவுக்கு அவ்விழாக்களின் வரலாறு தெளிவான விடை பகர்கிறது.

துறைமுக நகரமாகிய பூசானில் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா 1996 செப்டம்பர் 13 அன்று தொடங்கியது. ஜப்பானியத் திரைப்படங்களைக் கொரியத் திரையரங்குகளில் வெளியிடுவதற்கு அந்நாளில் தடை இருந்தது. 1998-இல்தான் அது தளரத் தொடங்கியது. எனினும், பூசான் விழாவில் அவை காட்டப்பெற்றன. விழா முடிந்து இரண்டு வாரங்களுக்குள், அக்டோபர் 4 அன்று, திரைப்படங்களுக்கான முன்தணிக்கை அரசியலமைப்புக்கு முரணானது என அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விழாவினால்தான் அத்தீர்ப்பு வந்தது என்பது பொருந்தாது. இரண்டும் ஒரே காலத்து விழிப்பின் விளைவுகள் எனலாம்.

இவ்விழாவைத் தோற்றுவித்து, 2010 வரை தலைமையேற்று நடத்தியவர் கிம் டோங்-ஹோ. அவர் பண்பாட்டுத் துறையின் துணை அமைச்சராகவும், தணிக்கைப் பணியை மேற்கொண்ட குழுவின் தலைவராகவும் விளங்கியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆட்சியின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவரே, படத்தேர்வில் ஆட்சியாளர் கைவைக்காதவாறு விழாவைக் காத்துவந்தார். 1998-இல் குடியரசுத் தலைவரான கிம் டே-ஜுங், கலைக்கு அரசு உதவி செய்யும், ஆனால் தலையிடாது என்பதைக் கொள்கையாகவே கொண்டார். அக்கொள்கையின் நிழலில் விழாக்கள் தழைத்தன.

தேர்வோர் உரிமையுடன் இயங்கியதால் விளைந்த நன்மைகள் பல. மறக்கப்பட்டிருந்த முதுபெரும் இயக்குநர் கிம் கி-யங்கின் படங்களை 1997-இல் பூசான் விழா மீண்டும் திரையிட்டு, அவரை உலகறியச் செய்தது. கையில் கதையிருந்தும் பொருளின்றித் தவித்த ஆசிய இயக்குநர்களை முதலீட்டாளருடன் சந்திக்கச் செய்யும் ஏற்பாடு 1998-இல் உருவாயிற்று. ஆண்டின் சிறந்த ஆசியத் திரைக்கலைஞர் என்னும் சிறப்பு 2003-இல் முதன்முதலாக ஈரானிய இயக்குநர் மொஹ்சென் மக்மல்பாஃபுக்கு வழங்கப்பெற்றது. சியோல் நகரில் மகளிர் திரைப்பட விழா 1997-இலும், தனிமுயற்சிப் படங்களுக்கு முதன்மை தரும் ஜியோஞ்சு விழா 2000-இலும் தோன்றின.

இவ்வளர்ச்சிக்குச் சோதனை 2014-இல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று 'செவோல்' என்னும் கப்பல் மூழ்கி 304 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளி மாணவர். மீட்புப் பணியில் நேர்ந்த குறைகளை வினவிய ஆவணப்படம் ஒன்றைப் பூசான் விழா தேர்ந்தெடுத்தது. அதனைத் திரையிட வேண்டா என்றார் நகர மேயர். அவரே விழா அமைப்புக் குழுவின் தலைவருமாவார். விழா இயக்குநர் லீ யோங்-க்வானும் அவர்தம் குழுவினரும் இணங்கவில்லை, படம் காட்டப்பெற்றது. அதன்பின் தணிக்கையாளர் கணக்குகளைத் துருவினர். 2015-இல் கொரியத் திரைப்படக் குழுமம் அளித்துவந்த நிதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2016-இல் இயக்குநர் பதவியிழந்தார். திரைத்துறை அமைப்புகள் பல விழாவைப் புறக்கணிக்க முடிவு செய்தன. ஆயிரக்கணக்கான கலைஞர்களின் பெயர்களைக் கொண்ட அரசின் கறுப்புப் பட்டியலும் பின்னர் வெளிப்பட்டது.

பரிகாரமும் அங்கேயே தேடப்பட்டது. 2016-இல் விழாவின் விதிகள் திருத்தப்பெற்றன. மேயர் பதவிவழித் தலைவராகும் முறை நீங்கியது. கிம் டோங்-ஹோ மீண்டும் அழைக்கப்பெற்றுத் தலைவரானார். 2018-இல் லீ யோங்-க்வான் திரும்பி வந்து அப்பொறுப்பை ஏற்றார். ஒருவரது நற்குணத்தை நம்பி விடப்பட்டிருந்த உரிமை, எழுத்திலுள்ள விதியாக மாறியது. இதுவே இவ்வரலாற்றின் உச்சம் என்பது என் துணிபு.

எனினும், அச்சம் முற்றும் நீங்கிவிடவில்லை. 2019-இல் தொடங்கிய காங்னுங் பன்னாட்டுத் திரைப்பட விழாவுக்கும் கிம் டோங்-ஹோவே தலைவர். 2022-இல் புதிதாகப் பொறுப்பேற்ற மேயர் நிதியை நிறுத்தினார், விழா நின்றுபோயிற்று. அப்பணத்தை மகப்பேற்று ஊக்கத்தொகைக்குச் செலவிடலாம் என்பது அவர் கூறிய காரணம்.

அக்காரணத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. மக்கள் வரிப்பணத்தை மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் எவ்வாறு செலவிடுவது என்பது நேர்மையான வினாவே. பொருள் ஈவோர் எவ்வளவு ஈவது என்று முடிவு செய்யலாம். செலவான ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்கலாம். ஆனால், எப்படம் காட்டப்பட வேண்டும் என்று கட்டளையிடுவதும், கட்டளை மீறப்பட்டபோது நிதியைச் சாட்டையாக்குவதும் அவர்தம் உரிமைக்கு அப்பாற்பட்டவை. தேர்வில் பிழை நேரின் காண்போரும் திறனாய்வாளரும் கடிந்துரைப்பர். அடுத்த ஆண்டில் அது திருந்தும். அச்சத்தால் நேரும் பிழையோ எவர் கண்ணுக்கும் புலப்படாது. காட்டப்படாத படத்தைக் குறித்துக் கடிந்துரைப்பார் எவர்?

புரவலர் என்னும் சொல்லுக்குக் காப்பவர் என்பதே பொருள். காத்தல் வேறு, கட்டுதல் வேறு. கலையரங்கமாயினும் கல்விக்கூடமாயினும், பொருளீந்து காக்கும் பெரியோர் இவ்வேறுபாட்டை உணர்வாராயின் அந்நிறுவனம் தழைக்கும். கொரியரின் விருதுகளைக் கண்டு வியக்கும் மாணவர்கள், அவ்விருதுகளுக்குப் பின்னே ஒரு படத்தைத் திரையிடுவதற்காகத் தம் பதவியை இழக்கத் துணிந்தவர்களும் இருந்தனர் என்பதை அறிதல் வேண்டும்.