ஓய்வுபெறும் .303 துப்பாக்கிகளின் கதி என்ன? உலையா, அருங்காட்சியகமா?

புதுதில்லி: சத்தீஸ்கர் மாநிலம் ஜகதல்பூரில் 2025 அக்டோபரில் 210 மாவோயிஸ்டுகள் ஒரே நாளில் சரணடைந்தபோது, அவர்கள் ஒப்படைத்த 153 ஆயுதங்களில் 36 துப்பாக்கிகள் .303 ரகத்தைச் சேர்ந்தவை. ஒப்படைக்கப்பட்ட ஏகே-47 துப்பாக்கிகளோ 19 மட்டுமே. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பெயர்பெற்ற ஒரு துப்பாக்கி, நூறாண்டுகளுக்குப் பின்னரும் பஸ்தர் காடுகளில் புழக்கத்தில் இருந்திருக்கிறது என்பதற்கு இந்த எண்ணே சான்று.

அதே துப்பாக்கிக்கு உத்தரப் பிரதேச காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடு விடைகொடுத்துவிட்டது. இன்சாஸ், எஸ்எல்ஆர் ஆகிய துப்பாக்கிகள் அதன் இடத்தைப் பிடித்தன. பிற மாநிலங்களும் இதே பாதையில் சென்றுகொண்டிருக்கின்றன. 2008 நவம்பரில் மும்பையில் ஏகே ரகத் துப்பாக்கிகளோடு வந்த பயங்கரவாதிகளை ரயில் நிலையக் காவலர்கள் இந்தப் பழைய துப்பாக்கிகளோடும் லத்திகளோடும் எதிர்கொள்ள நேர்ந்தபோதே, மாற்றம் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

விடைகொடுத்தல் சரியே. அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் விடைபெற்ற துப்பாக்கி எங்கே செல்ல வேண்டும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளில் படைகள் கைவிட்ட பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பதும், பயிற்சித் திடலில் அவற்றைச் சுட்டுப் பார்ப்பதும் பல தலைமுறைகளாக நிலைத்துவிட்ட பொழுதுபோக்கு. இந்தியாவில் அத்தகைய துப்பாக்கிக்கு இரண்டே நிலைகள்தான் உண்டு: ஒன்று, அது அரசின் ஆயுதம், அல்லது, ஒருபோதும் சுட முடியாத உலோகத் துண்டு.

ஈஷாப்பூரின் முத்திரை

தாழ்ப்பாள் போன்ற அமைப்பை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளிய பிறகே அடுத்த தோட்டாவைச் சுட முடியும் என்பதால் இது 'போல்ட் ஆக்‌ஷன்' வகை எனப்படுகிறது. அந்த அமைப்பை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் பெயரும், இங்கிலாந்தின் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையின் பெயரும் இணைந்து 'லீ-என்ஃபீல்டு' ஆயிற்று. 10 தோட்டாக்கள் கொள்ளும் பேழையும் விரைவாக இயங்கும் தாழ்ப்பாளும் கொண்ட இதில், பயிற்சி பெற்ற வீரர் நிமிடத்துக்கு 15 தோட்டாக்களைக் குறிதவறாமல் சுட முடிந்தது. இந்தியர்களுக்கு இது 'த்ரீ நாட் த்ரீ'. தேசிய மாணவர் படையில் இருந்தவர்கள் அதன் சுமார் 4 கிலோ எடையை மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் தோளில் சுமந்தவை பெரும்பாலும் அணிநடைப் பயிற்சிக்கு மட்டுமே பயன்படுமாறு செயலிழக்கச் செய்யப்பட்டவை.

மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூரில் 1904இல் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை இவற்றை இந்தியாவிலேயே தயாரித்தது. இதே காலகட்டத்தில், இத்துப்பாக்கியின் தோட்டாக்களுக்குத் தேவையான கார்டைட் எனும் புகையில்லா வெடிமருந்தைத் தயாரிப்பதற்கென நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் ஓர் ஆலை தொடங்கப்பட்டது. அது இன்றும் இயங்குகிறது.

1962 சீனப் போரில் இந்திய வீரர்கள் பெரும்பாலும் இந்தத் துப்பாக்கியோடுதான் இமயமலை முகடுகளில் நின்றனர். அந்தத் தோல்விக்குப் பிறகு ஈஷாப்பூர் ஆலை, அதே வடிவத்தை வலுவான எஃகில், 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியமைத்து '2ஏ', '2ஏ1' என்ற பெயர்களில் தயாரித்தது. லீ-என்ஃபீல்டு பரம்பரையின் கடைசிக் கிளைகளுள் ஒன்று இந்திய மண்ணிலேயே உருவானது என்று கூறலாம்.

இந்த 2ஏ1 துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கச் சந்தையை அடைந்தன என்பதே இதில் வியப்புக்குரிய செய்தி. படைகள் கழித்த ஆயுதங்களை இறக்குமதி செய்ய அந்நாடு 1968இல் தடை விதித்தது. 1980களில் அரும்பொருள் தகுதி பெற்ற பழைய ரகங்களுக்கு மட்டும் அத்தடை தளர்த்தப்பட்டது. அங்கு 50 ஆண்டு கடந்த துப்பாக்கி, மாற்றம் செய்யப்படாத நிலையில் இருந்தால், அரும்பொருளாகக் கருதப்படும். அதைச் சேகரிப்போருக்கெனத் தனி உரிமமே உண்டு. ஈஷாப்பூர் துப்பாக்கியின் கைப்பிடி அருகே உள்ள உலோகப் பட்டையைப் பார்த்து அதன் ஆண்டையும் வரலாற்றையும் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே ஏராளம். கிரீடமும் பேரரசரின் பெயரெழுத்துகளும் இருந்தால் அது காலனிய காலத்தது; அசோகத் தூண் சிங்கங்கள் இருந்தால் குடியரசு காலத்தது. ஓர் ஆலையின் முத்திரை ஆட்சி மாற்றத்தைப் பதிவு செய்திருக்கிறது. அதைக் கையிலெடுத்துப் பார்க்கும் வாய்ப்பு டெக்சாஸ்வாசிக்கு இருக்கிறது, ஈஷாப்பூர்வாசிக்கு இல்லை.

சேகரிப்பாளர்கள் வெறுமனே சுவரில் மாட்டி வைப்பதில்லை. சுடுவதற்கு முன், தோட்டாவின் அடிப்பகுதிக்கும் தாழ்ப்பாளின் முகப்புக்கும் இடையிலான இடைவெளியை அளவுகோல் கொண்டு சோதிக்கின்றனர். அது கூடுதலாக இருந்தால் தோட்டாவின் உறை வெடித்துப் பிளக்கக்கூடும். போர்க்காலத் தோட்டாக்களின் பற்றுமருந்து குழலுக்குள் உப்பைப் படியவிடும் என்பதால், சுட்டு முடித்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் இடுகின்றனர். பழைய கார் வைத்திருப்பவரின் பக்குவம் இது.

அண்டை நாடான நேபாளத்தின் அனுபவம் வேறுவகைப் பாடம். காத்மாண்டுவின் பழைய அரண்மனை ஒன்றில் தலைமுறைகளாகக் குவிந்திருந்த மார்ட்டினி-ஹென்றி, ஸ்னைடர் உள்ளிட்ட 19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள் 2003இல் மொத்தமாக அமெரிக்க வணிகர்களுக்கு விற்கப்பட்டன. நேபாளத்திலேயே வடிவமைக்கப்பட்ட 'கெஹேந்திரா' துப்பாக்கியும் அவற்றுள் அடங்கும். அவை உருக்கப்படாமல் தப்பின, நாட்டில் தங்கவில்லை.

ஆயுதமா, தோட்டாவா?

இந்தியா இந்தப் பாதையில் செல்லாததற்குக் காரணம் பாதுகாப்பு மட்டுமன்று. சட்டத்தின் பிறப்பும் ஒரு காரணம். 1857 எழுச்சிக்குப் பின், இந்தியச் சிப்பாய்களின் கையில் இருக்கும் ஆயுதம் பிரிட்டிஷ் வீரரின் ஆயுதத்தைவிட ஒரு படி பிந்தியதாகவே இருக்க வேண்டும் என்பது ஆட்சியாளர்களின் கொள்கையாயிற்று. குழலின் உட்புறம் திருகுவரை இல்லாத, தொலைவில் குறி தவறும் துப்பாக்கிகள் இந்தியப் படைகளுக்கெனவே தயாரிக்கப்பட்டன. 1914இல் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படைப்பிரிவுகளுக்கு அங்கேதான் அப்போதைய புதிய ரகம் வழங்கப்பட்டது.

பொதுமக்களைப் பொறுத்தவரை, லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அந்த அவநம்பிக்கையைச் சட்ட வடிவமாக்கியது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் அச்சட்டத்துக்கு எதிராகக் குரல் எழுந்தது. ஆயினும் படைகள் பயன்படுத்தும் தோட்டா பொதுமக்கள் கையிலுள்ள துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்ற கோட்பாடு, சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளிலும் தொடர்ந்தது. .303 அல்லது 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடக்கூடிய எந்தத் துப்பாக்கியும் தடைசெய்யப்பட்ட வகையே. மத்திய அரசின் சிறப்பு அனுமதியின்றித் தனிநபர் அதை வைத்திருக்க இயலாது.

பல நாடுகள் ஆயுதத்தின் ஆபத்தை முதன்மையாக அதன் இயக்கமுறையால் அளக்கின்றன. ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்குப் பின் 1988இல் பிரிட்டனும், போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் 1996இல் ஆஸ்திரேலியாவும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் மீது கடுமையான தடை விதித்தன. தாழ்ப்பாளைக் கையால் இயக்க வேண்டிய லீ-என்ஃபீல்டு, உரிமக் கட்டுப்பாட்டோடு, தப்பித்தது. இந்தியச் சட்டமும் தானியங்கி ஆயுதங்களைத் தடைசெய்கிறது. ஆனால் அதோடு நில்லாமல், குழலின் விட்டத்தையும் குற்றமாக்குகிறது.

இதன் விளைவு விசித்திரமானது. ஈஷாப்பூர் ஆலை ஏறக்குறைய அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில், ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் '.315' துப்பாக்கியைத் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்கிறது. அது சுடும் தோட்டா படைகளிடம் இல்லை என்பதே அதன் தகுதி. கொல்லும் திறனில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதிலும் ஒரு கசப்பான திருப்பம் உண்டு. வட மாநிலங்களில் கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்டு, காவல்துறையால் அடிக்கடி கைப்பற்றப்படும் 'கட்டா' எனும் நாட்டுத் துப்பாக்கிகளில் கணிசமானவை இதே .315 தோட்டாவுக்காகச் செய்யப்படுபவை. உரிமம் பெற்றோருக்கென விற்கப்படும் தோட்டா கசிந்து குற்றவாளிகளைச் சேர்கிறது. படைகளிடமிருந்து குடிமக்களைப் பிரித்து வைக்க வரையப்பட்ட கோடு, குற்ற உலகைத் தடுக்கவில்லை.

மாற்று வாதத்துக்கும் வலு இருக்கிறது. 7.62 தோட்டா இன்றும் பாதுகாப்புப் படைகளின் கையில் உள்ளதால், 2ஏ1 துப்பாக்கியின் மீதான தடை நியாயமானதே. .303 ரகமும் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதை ஜகதல்பூர் காட்டுகிறது. 2004இல் ஒடிசாவின் கோராபுட்டிலும், 2008இல் நயாகரிலும் காவல்துறையின் ஆயுதக் கிடங்குகளை மாவோயிஸ்டுகள் சூறையாடிய பின்னணியில், சுடக்கூடிய பழைய துப்பாக்கிகளைப் பொதுச் சந்தையில் விடுமாறு எந்த உள்துறை அதிகாரியும் பரிந்துரைக்க மாட்டார். பரிந்துரைக்கவும் கூடாது.

2019 திருத்தமும் அதன் பின்னும்

நாட்டின் போக்கு இறுக்கத்தை நோக்கியே செல்கிறது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பை ஒன்றாகக் குறைக்க 2019 ஆயுதச் சட்டத் திருத்த மசோதா முதலில் முன்மொழிந்தது. எதிர்ப்புக்குப் பின் அது இரண்டாக நிர்ணயிக்கப்பட்டது. தந்தையிடமிருந்தோ பாட்டனாரிடமிருந்தோ வாரிசுரிமையாக வந்த துப்பாக்கியும் இந்தக் கணக்கில் சேரும். மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் எனச் சட்டம் கூறியது. துப்பாக்கிசுடுதல் வீரர்களுக்கு விலக்கு கிடைத்தது. சேகரிப்பாளர் என்ற பிரிவினருக்கு அவ்வாறு விலக்கு இல்லை. குடகு மக்கள் பெற்றுள்ள உரிம விலக்கு இன்னொரு விதிவிலக்கு. 'கைல்போள்து' விழாவில் துப்பாக்கியை வைத்து வழிபடும் அவர்களுக்கு அது மரபின் பெயரால் வழங்கப்பட்டது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மரபு என்ற வாதம் சட்டத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பழைய ஆயுதங்களுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல் மிகக் குறுகியது. 45ஆவது பிரிவின்படி, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுதுபார்த்தாலும்கூட அதைச் சுட இயலாத நிலையில் இருக்க வேண்டும். ஒழுங்காகப் பேணப்பட்ட .303 துப்பாக்கி இந்த வாசலில் நுழைய முடியாது. அதன் நல்ல நிலையே அதற்கு எதிரான சாட்சியமாகிவிடுகிறது.

அதனால்தான் அடுத்த சில ஆண்டுகளில் மாநிலங்கள் எடுக்கும் முடிவு முக்கியத்துவம் பெறுகிறது. தனியாருக்கு விற்பதற்கும் மொத்தமாக உருக்குவதற்கும் இடையே வழிகள் இருக்கின்றன. குழலையும் தாழ்ப்பாளையும் நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்து, எண்ணிட்டுப் பதிவு செய்து, மாவட்ட அருங்காட்சியகங்களுக்கும் படைப்பிரிவு நினைவகங்களுக்கும் வழங்கலாம். தேர்ந்தெடுத்த ஒரு சிறு தொகுப்பை மட்டும் சுடும் நிலையிலேயே, தோட்டா வழங்கல் அரசின் கையில் இருக்கும் கட்டுப்பாட்டோடு, துப்பாக்கிசுடுதல் சங்கங்களின் திடல்களில் வைக்கலாம். கசிவு நேர்வது பெரும்பாலும் தோட்டாவில்தான் என்பதை .315 அனுபவம் உணர்த்துவதால், திடலுக்கு வெளியே ஒரு தோட்டாவும் செல்லாத ஏற்பாடு இதற்கு அடிப்படைத் தேவை. கனடா தனது வட எல்லைப் பகுதி ரேஞ்சர் படையினர் 1947 முதல் பயன்படுத்திய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளை அண்மைக் காலத்தில் மாற்றியபோது, உரிய உரிமம் உள்ள ரேஞ்சர்கள் தங்கள் பழைய துப்பாக்கியைத் தாங்களே வைத்துக்கொள்ள வழிவகுத்தது. இந்தியச் சூழலில் அந்த அளவுக்குச் செல்வது கடினம். செயலிழக்கச் செய்தவற்றை ஓய்வுபெறும் காவலருக்கு நினைவுப் பரிசாக அளிப்பது கடினமன்று.

இதற்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டியது ஒரு கணக்கெடுப்பு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், வரலாற்று முக்கியத்துவமுடைய 100 ஆண்டு பழமையான பொருளைத் தொல்பொருள் என வரையறுக்கிறது. ஈஷாப்பூரின் தொடக்ககாலத் துப்பாக்கிகள் அந்த வயதைக் கடந்துவிட்டன. உருக்குவதற்கு முன் துப்பாக்கியில் பொறிக்கப்பட்டுள்ள ஆண்டைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் ஆயுதச் சட்டத்தில் இல்லை. அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. மாநிலக் காவல்துறைத் தலைமையகங்களுக்கு உள்துறை அமைச்சகம் அனுப்பும் ஒரு சுற்றறிக்கை போதும்.